ஜாதி நாயும் சாதி ரத்தமும்

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் நடந்த படிப்பு வட்டக் கூட்டங்களில், தோழர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களின் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, உயிரியல், மருத்துவ ஆராய்ச்சி பத்தி எதை வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னதுக்கு நாப்பது சீட்டுக்கு மேல வந்திருக்கு. எல்லாத்துக்கும் இன்னைக்குப் பதில் சொல்லி முடியாது. முதல்ல ராஜபாளையத்துத் தோழர் ஒருத்தரோட சீட்டை எடுக்கிறேன். டீக்கடையில ஒருத்தர் கேட்டாராம்: “நாயிலேயே ஜாதி நாய், தெரு நாய்னு இருக்கு. மனுசனுக்கு மட்டும் இருக்கக்கூடாதா?” என்ன பதில் சொல்றதுன்னு கேட்டு எழுதியிருக்கார்.

இந்தக் கேள்வி இந்த ஊர்ல எழாம வேற எங்க எழும்? வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ஒல்லி வயிறு. 2005இல் தபால்தலையே போட்டாங்க இந்த நாய்க்கு. ஆனா அந்த ஜாதி எப்படி வந்தது? நாய்கள் கூடிப் பேசி, தெரு நாயோட சம்பந்தம் வேண்டாம்னு தீர்மானம் போடல. எது எதோட சேரணும்னு மனுசன் முடிவு பண்ணான், மத்த நேரம் கட்டிப்போட்டான். சங்கிலியை அவிழ்த்துவிட்டா நாலு ஈத்துல ஜாதி போயிரும். அதனாலதான் சங்கிலி.

டீக்கடைக்காரர் தெரியாமலே சரியான இடத்தைத் தொட்டுட்டார். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி பற்றிக் கட்டுரை வாசித்தபோது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று அங்கே சொன்னார். அந்த அகமணத்தைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும், கட்டாய விதவைக் கோலமும், சிறுமி மணமும் வந்தன என்றார். அதாவது சங்கிலி முதலில் விழுந்தது பெண்களின் காலில். இன்னைக்கும் சாதி மாறிக் காதலிச்சா வெட்டுறானே, அது சங்கிலி அறுந்த ஆத்திரம்.

நாய் விஷயத்தில் இன்னும் ஒண்ணு இருக்கு. முழு வெள்ளையான ராஜபாளையம் குட்டிகள்ல பிறவிச் செவிடு அதிகம். வளர்க்கிறவங்க உங்களுக்கே சொல்வாங்க. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதுலயும் வேணும். அங்கே அது இல்லாட்டி காது வேலை செய்யாது. வெள்ளை வேணும், வெள்ளை வேணும்னு குறுகின கூட்டத்துக்குள்ளேயே சேர்த்ததுக்குக் குட்டி கொடுக்கிற விலை அது. மனுசனுக்கும் இதே கணக்குதான். ஆந்திராவின் வைசியர்களிடையே ஒரு மரபணுக் குறை மற்றவர்களைவிட மிக அதிகமாகக் காணப்படுகிறது. அறுவை சிகிச்சையின்போது தசை தளர்வதற்குக் கொடுக்கும் ஒரு மருந்து, நாலஞ்சு நிமிஷத்தில் இறங்க வேண்டியது, அந்தக் குறை உள்ளவருக்கு மணிக்கணக்கில் இறங்காது; தானாக மூச்சு விட முடியாமல் கிடப்பார். அந்த மக்களைக் குறை சொல்ல இதைச் சொல்லல. பல நூறு வருஷம் ஒரே வட்டத்துக்குள் கல்யாணம் பண்ணினால் எந்தச் சாதிக்கும் இப்படி ஏதாவது ஒண்ணு வரும். சேரியும் விதிவிலக்கில்லை, நாமும்தான் உட்சாதி பார்த்துப் பெண் எடுக்கிறோம்.

“அப்ப சாதிக்குச் சாதி ரத்தம் வேற வேறதானே?” இது அடுத்த சீட்டு. இதே கேள்வியோடுதான் வெள்ளைக்காரனும் வந்தான். ரிஸ்லி மூக்கை அளந்தார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த தர்ஸ்டன் ஊர் ஊராய்க் கருவியோடு போய் அளந்தார். மூக்கு அகல அகலச் சாதி தாழ்ந்துகொண்டே போகும் என்பது ரிஸ்லியின் கண்டுபிடிப்பு. அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் பற்றி எழுதிய நூலில் அதே மூக்குக் கணக்கை எடுத்துப் போட்டு, அதை வைத்தே பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் இல்லை என்று காட்டினார். எதிரியின் அளவுகோலை வாங்கி எதிரியையே அளந்த வேலை அது. பிறகு மரபணு ஆராய்ச்சி வந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜ், அமெரிக்காவின் ரைக் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த மண்ணில் எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். பார்ப்பனர், தலித், பழங்குடி யாரை எடுத்தாலும் அந்தக் கலப்பு உண்டு. கலப்பின் அளவில் கூடுதல் குறைவு இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்லை. அதுக்கப்புறம் கதவு சாத்தப்பட்டது. சுத்த ரத்தம்னு எவனாவது மீசையை முறுக்கினா, எந்த வருஷத்து ரத்தம்னு கேளுங்க.

ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ரத்தத்துக்கு வருவோம். 1901இல் லாண்ட்ஸ்டைனர் ஏ, பி, ஓ பிரிவுகளைக் கண்டுபிடித்தார். எல்லாப் பிரிவும் எல்லாச் சாதியிலும் இருக்கு. நம்ம தெருவுல தண்ணி வாங்கிக் குடிக்காதவரும் ஆபரேஷன் அன்னிக்கு அந்தப் பையில யார் ரத்தம்னு கேக்க மாட்டார். பைமேல ஒட்டியிருக்கிற சீட்டுல பிரிவு இருக்கும், தேதி இருக்கும், நோய்ப் பரிசோதனையின் முடிவு இருக்கும்.

அந்தப் பரிசோதனை முடிவைப் பற்றித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சிங் மாணவி எழுதியிருந்தார்: “சாத்தூர் சம்பவத்துக்கப்புறம் ரத்தம் கொடுக்கவும் பயம், வாங்கவும் பயம்.”

நம்ம மாவட்டத்தில் நடந்தது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் வந்தது சிவகாசி ரத்த வங்கியிலிருந்து. கொடுத்த பையனுக்கு 19 வயசு. வெளிநாட்டு வேலைக்காகத் தனியாரிடம் பரிசோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவனே போய் ரத்த வங்கியில் சொன்னான். அதுக்குள்ளே ரத்தம் ஏறிவிட்டது. அவன் விஷம் குடித்து, அந்த மாதம் 30ஆம் தேதி மதுரையில் செத்துப்போனான். அந்தத் தாய்க்கு 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இதில் உயிரியல் எங்கே இருக்கு? தொற்று ஏறின முதல் சில வாரம் சாதாரணப் பரிசோதனையில் அது தெரியாது. உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்க நாள் எடுக்கும். அந்தப் பொருளைத்தான் பரிசோதனை தேடுது. அதனால்தான் கிருமியின் மரபணுவையே தேடுகிற பரிசோதனை வேணும்னு கேக்கிறோம். ஆனா சாத்தூர்ல நடந்தது அந்த இடைவெளியால் இல்லை. அந்தப் பையன் 2016லேயே ரத்தம் கொடுத்திருந்தான். தொற்று அப்பவே கண்டுபிடிக்கப்பட்டது. அவனுக்குத் தகவல் போய்ச் சேரல. அறிவியல் கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதி வைத்தது. அந்தத் தாள் உடம்புக்குச் சொந்தக்காரனிடம் வரவில்லை. ரெண்டு வருஷம். கொடுக்கிறதுல ஆபத்தில்லை தங்கச்சி, ஊசி ஒவ்வொருத்தருக்கும் புதுசு. கொடுங்க. கொடுத்துட்டு, “என் ரிசல்ட் எங்கே?”ன்னு கேளுங்க. வார்டுல ரத்தம் ஏத்துற கையா நீங்க நிக்கும்போது சீட்டைப் படிச்சிட்டு ஏத்துங்க.

கையெழுத்து பத்தி ஆறேழு சீட்டு. கம்மம் மாவட்டத்தை நினைவுபடுத்துறேன். 2009இல் அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சோதிக்கும் திட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சில சிறுமிகள் இறந்த பிறகு 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. நம்ம பெண்பிள்ளைகளுக்கும் போடணும். நான் கேக்கிறது வேற. பணக்காரப் பள்ளியில் வார்டன் கையெழுத்தில் ஊசி போடுவார்களா? ஆதிதிராவிடர் விடுதியில் படிக்கிற தம்பிகளே, வார்டன் உங்க அப்பா இல்லை.

புதுமருந்துச் சோதனைன்னு வந்தா, அது என்ன, என்ன ஆபத்துன்னு உங்களுக்குப் புரியிற மொழியில எழுதிக் கொடுக்கணும். நடுவுல விலகலாம், விலகினா வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக்கூடாது. 2019ஆம் வருஷத்து விதிகள் இருக்கு. இங்கிலீஷ்ல தாளை நீட்டினா கையெழுத்துப் போடாதீங்க.

அதுக்காக ஆராய்ச்சியே வேண்டாம்கிற தோழரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. 193 ஏழை நோயாளிகளை ரெண்டாப் பிரிச்சு, பாதிப்பேருக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. மீதிப்பேருக்கு நெரிசலான வீட்டிலேயே மருந்து மட்டும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். வீட்டில் கூட இருந்தவங்களுக்கும் அதனால் நோய் கூடவில்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. உலகம் பூராவும் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு காரணம். ஆராய்ச்சி செய்த டாக்டர்கள் பேர் புத்தகத்தில் இருக்கு. அந்த 193 பேரின் பேர் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையும் அப்படித்தான், ரெண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைகள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று உலகத்துக்குச் சொன்னது அந்தக் கைகள். (கைக்குழந்தைக்குப் போடுவதை நிறுத்திராதீங்க. மூளைக்காய்ச்சலாக வரும் காசத்திலிருந்து அது காப்பாத்துது.)

கடைசியா ஒரு சீட்டு. பஞ்சாலையில் வேலை பார்க்கிற அக்கா எழுதியது: “ஞாயித்துக்கெழம லீவு முடிஞ்சு திங்கக்கெழம உள்ள போனா நெஞ்சு இறுக்குது. செவ்வா, புதன் கொஞ்சம் தேவல. டாக்டர் சளிங்கிறார்.”

அக்கா, இதுக்குப் பேர் இருக்கு. பிசினோசிஸ். பஞ்சுத்தூசியால் வருவது. திங்கட்கிழமை இறுக்கம்தான் அதன் முதல் அடையாளம். வருஷக்கணக்கில் விட்டால் எல்லா நாளும் இறுகும், அப்புறம் திரும்பாது. நஷ்டஈடு கேக்கக்கூடிய தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கு. ஆனா டாக்டர், எந்தக் கிழமை இறுக்குதுன்னு கேக்கணுமே! சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஊர் ஊரா ஆஸ்பத்திரிக்குப் போகுது. அதுக்கு நூல் நூற்கிற நெஞ்சை யாரும் தட்டிப் பார்க்கல.

ஒரு நோட்டு போடுங்க. உங்க ஷிப்டுல பத்துப் பேர். பேர் வேண்டாம், நம்பர் போதும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, மூச்சு எப்படி, எந்தப் பிரிவுல வேலை, எத்தனை வருஷம். எட்டு வாரம் எழுதுங்க. எழுதினதைப் பத்துப் பேருக்கும் படிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் நோட்டோட இ.எஸ்.ஐ. டாக்டர்கிட்டப் போவோம், நர்சிங் மாணவிகள் ரெண்டு பேர் கூட வர்றதாச் சொல்லியிருக்காங்க.