வாழும் ஊரின் வானிலை

அத்திபெலே என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது எல்லைதான். ஓசூரை விட்டுப் புறப்பட்ட பேருந்து சிறிது தூரம் ஓடியதும் பெயர்ப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. கன்னட நாடு தொடங்குகிறது. பிழைப்பின் பொருட்டு இவ்வெல்லையை நாள்தோறும் கடக்கும் தமிழர் பலர். பொம்மசந்திரம், ஜிகணி, எலெக்ட்ரானிக் சிட்டி முதலிய இடங்களின் தொழிலகங்களை நம்பி இங்கேயே குடியேறிவிட்டவரும் பலர். 'நாம் வந்தேறியவர்கள், இவ்வூரின் ஏரியைப் பற்றியும் மழையைப் பற்றியும் நமக்கென்ன கவலை?' என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. அந்த எண்ணம் சரிதானா என்பதையே இன்று ஆராய்வோம்.

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, கன்னட மக்களால் தட்சிண பினாகினி என்று அழைக்கப்படுகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீரும் அதில் சேருகிறது. அத்திபெலேக்குக் கிழக்கே அந்த ஆறு தமிழகத்துள் புகுந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையையும், பின்னர் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளையும் கண்டு, கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. பெங்களூரின் கழிவு நீர் கெலவரப்பள்ளியில் வெண்ணுரையாய்ப் பொங்கியதைப் பன்முறை கண்டிருக்கிறோம். நாம் வாழும் ஊரில் செய்யும் பிழை, நாம் பிறந்த ஊரின் வயலுக்குப் போய்ச் சேருகிறது.

அண்மைக் காலத்தில் இந்நிலப்பகுதி இரு வேறு துன்பங்களை அடுத்தடுத்துக் கண்டது. 2022 செப்டம்பர் 4 ஆம் நாள் இரவில் பெங்களூரில் ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரின் கிழக்குப் பகுதியில் மாளிகை வாசிகளும் குடிசை வாசிகளும் ஒருங்கே படகிலும் டிராக்டரிலும் ஏறி வெளியேற நேர்ந்தது. பதினெட்டுத் திங்கள் கழிந்தன. 2024 மார்ச்சில் அதே நகரம் குடிநீருக்குத் தவித்தது. அரசுக்குரிய சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறையப் பாதி வறண்டுவிட்டதாக அரசே அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 28 ஆம் நாள் வெப்பம் 38.5 பாகை செல்சியஸை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையூர்கள் நள்ளிரவில் வெள்ளத்துள் ஆழ்ந்தன.

இதன் காரணம் யாது? காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்க வல்லதாகிறது. ஆதலால் பெய்யும் மழை பெருமழையாகப் பெய்யும் வாய்ப்பு மிகுகிறது. 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 பாகை உயர்ந்திருப்பதாக, மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இத்துடன் நகரின் தவறும் சேர்கிறது. ஏரியைத் தூர்த்து மனையாக்கினோம். ராஜகாலுவை என்னும் பெருங்கால்வாயைச் சுருக்கினோம். மண்ணைச் சிமெண்டால் மூடினோம். பெய்த நீர் நிலத்துள் இறங்க இடமில்லை. அதனால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

இவற்றை அளந்தறியும் பணியில் கருநாடகம் நாட்டுக்கு ஒரு முன்மாதிரி எனலாம். 1988 ஆம் ஆண்டு வறட்சியைக் கண்காணிக்கத் தொடங்கப்பெற்ற ஒரு சிறு பிரிவு, இன்று எலகங்காவில் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக வளர்ந்துள்ளது. கிராமப் பஞ்சாயத்து தோறும் தானியங்கி மழைமானிகளை நிறுவி, பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளவுகளைப் பெறுகின்றனர். 'வருண மித்ரா' என்ற பெயரில் உழவர்களுக்குத் தொலைபேசி வழியே வானிலையும் கூறுகின்றனர். இத்தனை நுணுக்கம் ஏன் என்று கேட்கலாம். ஆனேக்கல் தாலுகாவில் அத்திபெலே ஒரு ஹோப்ளி, சர்ஜாபுரம் மற்றொன்று. கோடை இடிமழை ஒன்றில் கொட்டி மற்றொன்றில் தூறாமலே போவதுண்டு. தாலுகாவின் சராசரி, கேழ்வரகு விதைத்தவனுக்கு உதவாது. இந்திய அறிவியல் கழகத்தில் 2009 ஆம் ஆண்டு தோன்றிய திவேச்சா பருவநிலை மாற்ற மையமும் பருவமழை ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளது.

ஆராய்ச்சியைத் தொடர்ந்து வருவது திட்டம். பெங்களூரு மாநகராட்சி 2023 நவம்பரில் பருவநிலைச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. நீர், போக்குவரத்து, குப்பை, பேரிடர் முதலிய ஏழு துறைகளில் 266 செயல்கள் அதில் வகுக்கப்பட்டன. ஆனால் அத்திபெலே அம்மாநகராட்சியின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஊராக இருந்தது. நகரின் ஆலைகளும் லாரிகளும் இவ்வூர் வரை வந்துவிட்டன. நகரின் திட்டம் எல்லையிலேயே நின்றுவிட்டது. ஆகவே இங்குள்ள ஏரியையும் கால்வாயையும் காக்கும் பொறுப்பு உள்ளூர் மன்றத்திற்கும் ஊராருக்குமே உரியது. ஊரார் என்ற சொல்லில் நாமும் அடக்கம்.

இது புதிய உறவன்று. பெங்களூரின் கிழக்கே காடுகோடியில் கி.பி. 1043 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசேந்திர சோழன் காலத்தில் பட்டந்தூர் ஏரியை வெட்டி மதகு அமைத்த செய்தியை அது கூறுகிறது. தமிழில் எழுதிக் கன்னட நாட்டில் ஏரி கண்டவர்கள், அந்நீர் யாருக்கு என்று கேட்டதில்லை. நமது குடிமராமத்தும் இங்குள்ள கெரெ காவலும் ஒரே அறத்தின் இரு பெயர்கள்.

இனி, நாம் செய்யக்கூடியவை யாவை? முதலாவது, அளத்தல். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஏனம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தைக் குறித்து வரலாம். வானிலைத் துறையும் அந்த நேரத்திலேயே அளக்கிறது. ஓராண்டுக் குறிப்பு ஒரு பள்ளிக்கூடத்திற்கு நல்ல பாடநூலாகும். மரங்கள் தளிர்ப்பதையும் பூப்பதையும் குறித்து அனுப்பும் 'சீசன்வாட்ச்' என்ற முயற்சியும் உண்டு. அதில் பள்ளி மாணவரும் பங்கு கொள்கின்றனர்.

இரண்டாவது, சேமித்தல். முப்பதுக்கு நாற்பது அடி மனையின் கூரை சுமார் 111 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீரைத் தருகிறது. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் என்று கொண்டாலும் ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. சேதாரம் போக எண்பதாயிரம் என்று வைத்தாலும், 6,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பதின்மூன்றுக்கு அது சமம். தமிழகத்தில் 2003 ஆம் ஆண்டு மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நம் பெற்றோர் வீட்டில் அமைத்த தொட்டியை, இங்கே வாடகை வீட்டின் உரிமையாளரிடம் எடுத்துக்கூற நமக்கென்ன தயக்கம்?

மூன்றாவது, கூட்டத்திற்குப் போதல். ஏரிக்கரையிலும் தகரக் கூரையின் கீழும் பெரும்பாலும் வாழ்பவர் வந்து குடியேறிய உழைப்பாளரே. வெள்ளம் முதலில் நுழைவதும், வெப்பம் முதலில் வாட்டுவதும் அவர்கள் இல்லங்களையே. எனினும் ஊர்க் கூட்டத்தில் அவர்கள் குரல் அரிதாகவே கேட்கிறது. மொழி ஒரு தடை என்பது உண்மை. எச்சரிக்கை கன்னடத்தில் வரும். அதைப் படிக்கவும் பேசவும் கற்பது நம் உயிர்க்காப்பு. கற்ற ஒருவர் தம் தெருவிலுள்ள பத்து வீட்டாருக்குச் சொன்னால், அதுவே சிறந்ததொரு பேரிடர்த் திட்டம்.

அத்திபெலேக்குச் சொன்னது பிற ஊர்களுக்கும் பொருந்தும். அகமதாபாத் 2013 ஆம் ஆண்டிலேயே வெப்பச் செயல்திட்டம் கண்டது. மணிநகர்த் தமிழர் அதை அறிந்திருத்தல் நலம். மும்பை 2022 இல் தன் பருவநிலைத் திட்டத்தை வெளியிட்டது. தாராவித் தமிழருக்கு அதில் கேட்கவேண்டியவை பல உண்டு. எந்த ஊரின் நீரைக் குடிக்கிறோமோ அந்த ஊரின் ஏரிக்கு நாம் கடன்பட்டவர்கள். அத்திபெலேயில் இருப்போர்க்கு மேலும் ஒரு காரணம் உண்டு: இங்கே தூய்மையாய் விடும் நீர்தான் நாளை நம் ஊர்க் கிணற்றில் ஊறும்.