காரணம் அறியாத் துயரம்

1873ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், அத்திலாந்திக் சமுத்திரத்தில் ‘வில் டு ஹாவர்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் வேறொரு கப்பலுடன் மோதி, 12 நிமிடங்களில் மூழ்கியது. மாண்டோர் 226 பேர். சிக்காகோ நகரச் சட்டத்தரணி ஹொரேஷியோ ஸ்பாபோர்டின் புதல்வியர் நால்வரும் அவருள் அடங்குவர். உடன்சென்ற தாய் அன்னா உயிர் தப்பினார்.

துயரிலும் ஆன்மா அமைதியுறுவதைப் பாடும் ஞானப்பாட்டொன்றை ஸ்பாபோர்டு பின்னர் இயற்றினார். 1880இல் அவருடைய சிறு மகனையும் நோய் கொண்டுசென்றது. இவை இறைவன் விதித்த தண்டனையே எனச் சபையாருள் சிலர் கருதினர்.

அக்கருத்தில் பணிவு இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை லூக்கா சுவிசேஷம் கூறுகின்றது. அவர்கள் மற்றையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என்றார் கிறிஸ்து. ஏன் இறந்தனர் என்பதற்கோ அவர் காரணம் உரைக்கவில்லை. கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பப் பணித்தார்.

பிறர் துயருக்குக் காரணம் கற்பிப்பவன் கடவுளின் நீதியாசனத்தில் தானே அமர்கின்றான். ‘அறியேன்’ எனத் தலைவணங்குதலே பணிவு. அறியாதபோதும் அவர் கரத்தை விடாதிருத்தலே விசுவாசம். ஸ்பாபோர்டு தம்பதியர் 1881இல் எருசலேம் சென்று, வறியோர்க்கும் நோயாளர்க்கும் தொண்டு புரிந்தனர். காரணம் அவர்களுக்கும் விளங்கிற்றில்லை. ஆயினும் தொண்டு தடைப்படவில்லை.