மோட்டாரும் சம்ப்பும்: கவனம் தேவை
(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தண்ணீர் நூலாக வருகிறதென்று பலர் வீட்டுக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். பேரூராட்சி கண்டால் பறிமுதல் செய்யும் என்பது ஒருபுறம். அது பக்கத்து வீட்டாரின் ஹக் என்பது இன்னொருபுறம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நம் தெருக்களில் குடிநீர்க் குழாய் பெரும்பாலும் சாக்கடையை ஒட்டியோ அதைக் கடந்தோதான் வீட்டுக்குள் வருகிறது. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. ஜாயிண்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே வந்துவிடும். அந்தக் குழாயில் குடிக்கும் எல்லா வீட்டுக்கும் அது போகும்.

கழிவு கலந்தால் என்ன ஆகும்? 1955 நவம்பரில் டெல்லியில், யமுனையில் நீர் எடுக்கும் இடத்துக்குச் சாக்கடை வந்து சேர்ந்தது. சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. பின்னாளில் அது ஹெபடைட்டிஸ் ஈ என்று தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு அது உயிராபத்து. ஆகவே கண்ணில் மஞ்சள் தெரிந்தால் கீழாநெல்லி பறிக்கக் கிளம்பாமல், முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

தண்ணீர் சம்ப்பில் தானாக விழட்டும். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு மோட்டார் வைப்பதில் குற்றமில்லை. தண்ணீர் விட்டதும் முதலில் வருவதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு பிடியுங்கள். கலங்கலோ நாற்றமோ இருந்தால் குடிக்காமல் பேரூராட்சிக்குச் சொல்லுங்கள்.

குழித்தறி இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சுவரோரக் குழாய் கசிந்தால் ஈரம் தறிக்குழிக்குத்தான் இறங்கும். பட்டுக்குக் கேடு என்பதோடு போகாது. ஈரத்தில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு மின்கசிவு ஏற்பட்டால் தப்புவது கடினம். கசிவை உடனே அடையுங்கள். மோட்டாருக்கு எர்த் கட்டாயம். மோட்டாரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள்.

இனி சம்ப். நல்ல தண்ணீர்த் தொட்டிதானே என்று மூடியைத் திறந்த கையோடு இறங்குகிறார்கள். நாள்கணக்கில் மூடிக் கிடக்கும் தொட்டியில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம். இரண்டு மூச்சில் மயக்கம் வரும். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்க மச்சான். இப்படித்தான் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று ஜனாஸா. மூடியை நெடுநேரம் திறந்து வையுங்கள், ஃபேன் வைத்துக் காற்றடியுங்கள். முடிந்தவரை மேலிருந்தே கழுவுங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். உள்ளே விழுந்தவரை எடுக்கப் பின்னால் குதிக்காதீர்கள். 101, 108க்குக் கூப்பிடுங்கள்.

செப்டிக் டேங்கில் யாருமே இறங்கக் கூடாது. காசு கொடுத்து, பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியை வரச் சொல்லுங்கள்.

தாய்மார்கள் கவனிக்க: பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள். கிளம்பும் குளோரின் புகை நெஞ்சை அடைக்கும். சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள், வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே.