காலண்டரில் ஒரு எண்



எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுத வாங்கியது. இரண்டு வருடமாக அதில் இன்னொரு கணக்கும் ஏறுகிறது. தினமும் இரவு, தேதிக்குக் கீழே ஒரு எண். மனசு சீராக இருந்தால் 1. தாங்கவே முடியாவிட்டால் 5.

எனக்கு ஏடிஹெச்டி என்ற கவனக்குறைபாடு இருக்கிறது. ஒரு இடத்தில் உட்காராத பையன்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண்கள் பலருக்கு அந்த ஓட்டமெல்லாம் உள்ளுக்குள்ளே. கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி தெரியும், கையில் பணமும் இருக்கும், ஆனாலும் கட்டியிருக்க மாட்டேன். சோம்பேறி என்ற பெயரோடு 38 வயது வரை இருந்துவிட்டேன்.

ஏடிஹெச்டி என்று தெரிந்து மாத்திரை தொடங்கியதும் மூன்று வாரம் நிம்மதி. நான்காவது வாரம் அதே மாத்திரை, அதே வேளை, ஒன்றும் பிடிக்கவில்லை. சின்னச் சொல்லுக்கும் அழுகை, பிள்ளைகள் மேல் எரிச்சல், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு. மாதவிலக்கு வந்த இரண்டாம் நாள் எல்லாம் கலைந்துவிடும். “மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று டாக்டர் கேட்டார். மாதவிலக்குத் தேதியை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கவனத்தை இழுத்து நிறுத்த மூளைக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதற்குக் கைகொடுக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. ஏற்கெனவே தடுமாறுகிற மூளைக்கு அந்த இறக்கம் பெரிய அடி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2023இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஏடிஹெச்டி உள்ள ஒன்பது பெண்களுக்கு அந்த நாட்களில் மட்டும் மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். பலன் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஒன்பதே பேர்தான். தயவுசெய்து நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

மாதாமாதம் வரும் இந்த மனச்சரிவு மிகக் கடுமையாக இருந்தால் அதற்குப் பிஎம்டிடி என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் அதைத் தனி நோயாகவே சேர்த்துக்கொண்டது. சிகிச்சை உண்டு. மனச்சோர்வு மாத்திரையைச் சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் நோயை உறுதிசெய்ய இரண்டு மாதமாவது தினக்குறிப்பு வேண்டும். எதையும் மறக்கிற என்னிடம் கேட்கிற குறிப்பு! அதற்குத்தான் அடுப்புக்கு எதிரே காலண்டர். எழுத விட்டுப்போன கட்டங்களும் உண்டு. அவையும் பெரும்பாலும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில்தான். டாக்டர் அந்த வெற்றுக் கட்டங்களையும் எண்ணினார்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் காலண்டருக்குக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தபோது, இது என்ன கணக்கு என்று கேட்டாள். சொன்னேன். வெகுநேரம் காலண்டர் முன்னாலேயே நின்றாள். “எனக்கும் அந்த நாலு நாள் வீடே பகையா இருக்கும்டி. யார்கிட்டப் போய்ச் சொல்றது?” அம்மாவுக்கு 71 வயது. அன்று இரவு என்னைக் கேட்டு, எண்ணை அவளே எழுதினாள். 2.