ஒப்பிலக்கியம் என்னும் கல்வி

நம் தோட்டப் பள்ளியில் பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவி ஒருத்தி, ஒருநாள் மாலை நம்மைத் தேடி வந்தாள். "ஐயா, மலாய் இராமாயணத்தில் அனுமன் இராமனுடைய மகனாமே?" என்று கேட்டாள். "அது தவறு அம்மா, நம் கதையே சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். தவறு நம்முடையதே என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

மலாய் மொழியில் 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா' என்ற பழைய நூல் உண்டு. அதில் அனுமன் இராமனின் மகன். இராவணனின் தவத்திற்கு இரங்கி இறைவனிடம் பரிந்து பேசுபவர் ஆதம் நபி. இஸ்லாம் வேரூன்றிய மண்ணில், கதை அம்மக்களின் நம்பிக்கையைத் தழுவிக்கொண்டது. கம்பரும் கதையை மாற்றியவரே. வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணனோ அவளைத் தீண்டாமல், குடிசையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான்.

எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லாமல், ஏன் மாறியது என்று ஆராய்வதே ஒப்பிலக்கியம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்கு 1961 முதல் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார், சங்கப் பாடல்களில் வரும் இயற்கையைக் கிரேக்க, இலத்தீன் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். ஒன்றிலிருந்து ஒன்று பெற்றதா, தனித்தனியே தோன்றியதா என்று பிரித்தறியவும் மாணவர் இக்கல்வியில் பழகுகின்றனர்.

"இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பட்டம் மட்டும் வேலையைக் கொண்டுவந்து தராது. ஆயினும் இரு மொழிகளில் ஆழ்ந்து படிக்கவும் பிழையற எழுதவும் வல்லவர், ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, செய்தித்துறை ஆகியவற்றில் முயன்று பார்க்கலாம். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் மூலத்தையே படிக்க வேண்டிய கல்வி இது. தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகள் நம் பிள்ளைகளுக்குச் சுமை என்கிறோம். இத்துறையில் அந்தச் சுமையே கைம்முதல்.

பெற்றோர்களே, பிள்ளை பள்ளியில் படித்த மலாய்க் கதையை இரவில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பாட்டி சொன்ன கதையை நீங்கள் சொல்லுங்கள். ஒப்பிலக்கியத்தின் முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அந்த மாணவி இன்று வந்து கேட்டால், "நல்ல கேள்வி அம்மா. இரண்டு கதைகளையும் எடுத்து வா, சேர்ந்து படிப்போம்" என்றே சொல்வோம்.