தாளம் யார் வீட்டுச் சொத்து?

(திருவண்ணாமலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சங்கீதம் என்று தலைவர் சொன்னதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். அதிலும் "ராப்" பாட்டைப் பற்றி என்றதும் பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தீர்கள். கோயிலைப் பற்றிப் பேசுவார், புரோகிதத்தைப் பற்றிப் பேசுவார் என்று வந்தவர்களுக்கு, இதென்ன பையன்கள் கூத்து என்று தோன்றுவது சகஜமே. நாம் சங்கீதம் படித்தவரல்ல; நமக்கு ஸ்வரமும் தெரியாது, ராகமும் தெரியாது. ஆனால் ஒரு தொழிலைக் காட்டி, "இது இன்னாருக்குத்தான் வரும், இன்னாருக்கு வராது" என்று எவர் சொன்னாலும், ஏன் வராது என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதையின் பேரில்தான் இங்கு வந்து நிற்கிறோம்.

சங்கீதம் என்பது பூர்வ ஜன்ம புண்ணியம் என்கிறார்கள். சரஸ்வதி கடாக்ஷம் என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கடாக்ஷம் நூற்றுக்கணக்கான வருஷங்களாகச் சில தெருக்களோடு ஏன் நின்றுவிட்டது? சரஸ்வதிக்குச் சேரிக்கு வழி தெரியாதா? அல்லது வழியில் யாராவது மறித்துக்கொண்டார்களா? மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் இருக்கின்றன. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள். டி.எம். கிருஷ்ணா என்னும் பாடகர் அந்தத் தொழிலாளிகளைப் பற்றி 2020ல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வெளியிடுவதற்குக் கலாக்ஷேத்திரம் முதலில் மண்டபம் கொடுத்து, பிறகு கொடுத்ததை வாபஸ் வாங்கிக்கொண்டது. பறையிலும் தோல், மிருதங்கத்திலும் தோல். ஒன்று சபையேறினால் தேவ வாத்தியம். மற்றொன்று தெருவில் இருந்தால் தீட்டு! இந்த வித்தியாசம் தோலில் இருக்கிறதா, அடிக்கிறவன் பிறப்பைப் பற்றிய எண்ணத்தில் இருக்கிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நிற்க. "ஹிப்-ஹாப்" என்பது எப்படிப் பிறந்தது என்று சற்றுக் கேளுங்கள். 1973 ஆகஸ்டு 11ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520ம் நம்பர் கட்டடத்தில், ஒரு கறுப்பினப் பெண் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் துணிமணி வாங்கப் பணம் வேண்டுமென்று ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அவள் பெயர் சிண்டி கேம்பல். இசைத்தட்டுப் போட்டது அவளுடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறியவன், கூல் ஹெர்க் என்று பெயர். பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்களெல்லாம் ஓய்ந்து, தாளம் மாத்திரம் தனியாக வருகிற இடத்துக்குத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவன் கவனித்தான். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்று முடிய மற்றொன்றை ஓட்டி, சில வினாடித் தாளத்தைப் பல நிமிஷமாக நீட்டினான். அந்தத் தாளத்தின் மேல் வாயால் பேசியதுதான் ராப். இதில் ரிஷி எங்கே? வரம் எங்கே? கவனித்ததும் கையால் செய்து பார்த்ததுந்தானே இருக்கிறது!

1980ல் ஜப்பானில் ரோலண்ட் என்னும் கம்பெனி டி.ஆர்-808 என்று ஒரு தாள யந்திரம் செய்தது. நிஜ மத்தளம் போல் சத்தம் இல்லை என்று பலர் அதை ஒதுக்கினார்கள். 1983ல் கம்பெனியும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடைக்கு மலிவாக வந்ததை ஏழைப் பிள்ளைகள் வாங்கினார்கள். இன்று உலகமெங்கும் நெஞ்சை அதிரவைக்கும் அந்தக் கனத்த அடி, பெரிய மனிதர் வேண்டாமென்று ஒதுக்கிய அந்த யந்திரத்தின் சத்தமேயாகும். ஒதுக்கப்பட்ட பொருளும் ஒதுக்கப்பட்ட மனிதனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

இனி நம்மவர்களைப் பார்ப்போம். மலேயாவுக்குப் பால் வெட்டவும் ரோடு போடவும் கப்பலேற்றப்பட்ட கூலிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மலேசியத் தமிழர் நடுவிலிருந்துதான் யோகி பி.யும் நட்சத்திரா குழுவினரும் 2006ல் "வல்லவன்" என்ற தமிழ் ராப் இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். இங்கே நம் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான், தமிழில் இது முடியும் என்று துணிந்தார்கள். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்தத்தால் அகதியாகத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம் என்ற ஈழத்துப் பெண், எம்.சி-505 என்னும் சிறு பெட்டியை வைத்துத் தன் பாட்டுகளுக்குத் தாளம் கட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த "அருளர்" தொகுப்பு 2005ல் வெளிவந்து உலகமெல்லாம் போயிற்று.

பிறகு 2018 ஜனவரி 6ந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், டைரக்டர் பா. ரஞ்சித், இசையமைப்பாளர் டென்மா ஆகியோர் முயற்சியால் உண்டான "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவினர் மேடையேறினார்கள். அந்தப் பெயர் அயோத்திதாச பண்டிதர் சொன்ன "ஜாதியற்ற தமிழர்" என்ற கருத்திலிருந்து எடுத்தது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. ஆண்களே பாடிவந்த கானாவை அங்கே இசைவாணி என்ற பெண் பாடினார். ஐயப்பன் கோயிலில் பெண்கள் நுழைவதைப் பற்றி அவர் பாடிய பாட்டு 2018ல் வந்தது. அதற்காக 2024 நவம்பரில் அவருக்கு வந்த மிரட்டல்களுக்குக் கணக்கில்லை. ஆறு வருஷங் கழித்தும் ஒரு பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள், வசை பாடுவதைத்தான் பதிலாக வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் வந்தவர்தான் நமக்கு அடுத்த அரக்கோணத்துத் தோழர் அறிவு. 2019ல் அவரும் ஒஃப்ரோ என்பவரும் சேர்ந்து "தெருக்குரல்" என்ற தொகுப்பு வெளியிட்டார்கள். 2021 மார்ச்சில் வந்த "எஞ்சாய் எஞ்சாமி" பாட்டைக் கேளாதவர் இங்கு யாராவது உண்டா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம்முடைய பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட கதையே அதற்கு வேர் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

தோழர்களே! இத்தனை பேரைச் சொன்னது கும்பிடுவதற்காக அல்ல. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு நாமும் செய்வதற்காகவே. அந்த வேலையை நாம் நேரில் பார்த்ததைச் சொல்லுகிறோம்.

சிறிது காலத்துக்கு முன் இவ்வூருக்கு அடுத்த ஒரு கிராமத்துக்குப் பிரசாரத்துக்குப் போயிருந்தபோது, ஒரு இளைஞர் தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒற்றை அறை, பழைய லேப்டாப் ஒன்று, செல்போன் ஒன்று. எதிரொலி கேளாதபடி கொடியில் இரண்டு போர்வை தொங்கிற்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தார். இலவசமாகவே கிடைக்கும் எல்.எம்.எம்.எஸ். போன்றதொரு கணினி ஏற்பாடு அது. திரையில் வரிசைக்குப் பதினாறு கட்டம். முதல் கட்டத்திலும் பதினோராவதிலும் கனத்த அடி. ஐந்திலும் பதின்மூன்றிலும் "சட்" என்று ஒரு அடி. ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் சிறு சலங்கை போன்ற ஓசை. நிமிஷத்துக்கு 90 அடி என்று வைத்தால், நாலு அடி கொண்ட ஆவர்த்தம் பதினாறுக்கு 64 அடி. அதாவது சுமார் 43 வினாடி. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். இதைத்தான் "பீட்" போடுவது என்கிறார்கள். இது கணக்குத்தான் தோழர்களே! கடாக்ஷமல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் இதன் அரிச்சுவடி வந்துவிடும். நன்றாக வருவதற்கு வருஷக்கணக்காகும்; அது தச்சு வேலைக்கும் உண்டு, தையல் வேலைக்கும் உண்டு.

அப்பொழுது ஒரு தகராறு நடந்தது. இளைஞர் எங்கிருந்தோ ஒரு பறை கொண்டுவந்து, அதன் ஓசையைச் செல்போனில் பிடித்துத் தாளத்தில் சேர்க்கப் பார்த்தார். உள்ளே வந்த தகப்பனார் அதைக் கண்டதும் நடுங்கிவிட்டார். "ஏண்டா, எழவுக்கு அடிக்க மாட்டோம்னு சொல்லி எங்கப்பன் எறக்கி வெச்சத நீ திரும்பத் தூக்குறியா? அதுக்கு எவ்ளோ அடி பட்டோம் தெரியுமா?" என்றார். மகன், "அப்பா, இத அடிடான்னு எவனும் என்னைக் கூப்புடல. நானா எடுத்தேன்" என்றார். இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை; சொல்ல முடியவுமில்லை. ஏனெனில் தகப்பனார் சொன்னது சாமானிய விஷயமல்ல. ஊரில் யார் செத்தாலும் ஓடிவந்து அடி என்று சொன்ன ஊரில், அடிக்க மாட்டேன் என்று சொல்லுவதுதான் சுயமரியாதை. பட்டினியையும் உதையையும் ஏற்றுக்கொண்டு அப்படிச் சொன்னவர்கள் எத்தனையோ கிராமங்களில் உண்டு. பறையைக் கலை, கலை என்று இன்று பட்டணத்தில் புகழுகிறவர்கள் அந்தக் கஷ்டத்தை மறந்துவிட்டுப் புகழுவார்களானால், அந்தப் புகழ்ச்சி மோசடியே ஆகும். ஆனால் மகன் சொன்னதிலும் நியாயமிருக்கிறது. கட்டாயம் போன பிறகு, தகப்பன் கைவேலை மகனுக்கு ஏன் அவமானமாக இருக்க வேண்டும்? ஆகவே நாம் சொன்னது இதுதான்: "அடிமைத்தனம் தோலில் இல்லை; 'அடி' என்று ஏவுகிறவன் வாயில் இருந்தது. உங்கள் தகப்பனார் அந்த வாயை மூடினார். அதனால்தான் உங்கள் பிள்ளை இன்று தன் இஷ்டத்துக்கு இதைத் தொட முடிகிறது. இழவு வீட்டுக்கு என்று யார் கூப்பிட்டாலும் இவரும் போகக்கூடாது."

பெரியவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். பையன் திரும்பப் பறையை அடித்தார். ஓசை சொத்தென்று வந்தது. வாசலிலிருந்து குரல் வந்தது: "தோலக் காச்சாம அடிச்சா அப்டித்தான் இருக்கும்." பிறகு அவரே வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். சிம்புக்குச்சி எந்தக் கை, அடிக்குச்சி எந்தக் கை என்று காட்டினார். ஆனால் தாம் அடிக்க மறுத்துவிட்டார். அது அவர் உரிமை, நாம் வற்புறுத்தவில்லை.

இந்தச் ஜில்லாவுக்கு இது ஏன் அவசியம் என்று கேட்பீர்கள். தண்டராம்பட்டு தாலுகா தென்முடியனூரில், சுமார் 80 வருஷமாக உள்ளே விடப்படாத தாழ்த்தப்பட்ட மக்கள், 2023 ஜனவரி 30ந் தேதி போலீஸ் பந்தோபஸ்துடன் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். சாமி கும்பிடுவதில் நமக்கு நம்பிக்கை இல்லை; ஆனால் ஒரு மனிதனை வாசலில் நிறுத்துவதைக் கண்டு சும்மா இருக்க முடியாது. கோயில் வாசலில் நடப்பதுதான் சங்கீத வாசலிலும் நடக்கிறது. ஒன்றுக்குப் போலீஸ் வேண்டியிருந்தது. மற்றொன்றின் பூட்டை ஒரு பழைய லேப்டாப் உடைக்கிறது. இன்னொன்றும் சொல்லுகிறோம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறவர்கள் காதில் கடைக்குக் கடை விழுகிற பக்திப் பாட்டுகளில் எத்தனையோ பாட்டுகளுக்குத் தாளம் இந்த மாதிரி யந்திரத்தில் போட்டதுதான். அண்ணாமலையார் இதுவரை ஆக்ஷேபணை சொன்னதாகத் தெரியவில்லை!

இளைஞர்களே! உங்களிடமும் சில குறைகளைச் சொல்லவேண்டும். முதலாவது, பழைய சாமியை விட்டுப் புதுச் சாமியைப் பிடிக்காதீர்கள். மாதங்கி அவர்களைப் புகழ்ந்தோம். அவர்தான் 2020ல் தடுப்பூசிக்கு விரோதமாக எழுதினார். பாட்டு நன்றாயிருந்தால் பாட்டைக் கேளுங்கள். வைத்தியத்துக்கு வைத்தியரைக் கேளுங்கள். ஆயுத பூஜைக்கு லேப்டாப்பில் சந்தனம் வைக்காதீர்கள். தூசி துடைத்தால் போதும்.

இரண்டாவது, பெண்களைத் திட்டுவதைப் பாட்டென்று நினைக்காதீர்கள். ஹிப்-ஹாப் தமிழா குழுவினருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த "கிளப்புல மப்புல" பாட்டு, பெண்கள் உடுப்பதையும் குடிப்பதையும் பழித்ததற்காகக் கண்டிக்கப்பட்டது. ஆண் குடித்தால் வேடிக்கை, பெண் குடித்தால் கலாசாரம் கெட்டது என்பது மனுதர்மத்துக்குத் தாளம் போட்டதேயன்றி வேறென்ன?

மூன்றாவது, முக்கியமானது: உங்கள் பெயரையும் பாத்தியதையையும் விடாதீர்கள். "எஞ்சாய் எஞ்சாமி"யைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் உடன் பாடிய தீயின் படம் வந்தது. எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்கென்று இணையத்தில் தனியாக ஒரு அட்டை போட்டார்கள். 2022 ஜூலை 28ந் தேதி சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு துவக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டது. யார் பங்கு எவ்வளவு என்று அவரும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். உலகம் அறிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், போர்வை கட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கதி என்ன? ஆதலால் எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாவிட்டால் ஒரு வக்கீலைக் கேளுங்கள். உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்பதைப் பற்றிப் பாடிவிட்டு, பாட்டிலேயே அது நடக்கும்படி விடலாமா?

பெற்றோர்களே! பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தலையாட்டினால் கெட்டுவிட்டான் என்று எண்ணாதீர்கள்; என்ன செய்கிறாய் என்று உள்ளே போய்க் கேளுங்கள். பெண் பிள்ளைக்கும் அந்த லேப்டாப்பைக் கொடுங்கள். கழகத் தோழர்களே! நம் படிப்பகங்களில் ஒரு மூலையில் ஒரு மேஜையும் கணினியும் போட்டு, சாயங்கால வேளையில் வருகிற பிள்ளைகளுக்கு விடுங்கள். அவர்கள் நம்மைப் புகழ்ந்து பாடவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம்மையே கேள்வி கேட்டுப் பாடினாலும் கேளுங்கள். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நம்மைக் கேட்காதே என்றால் அது புரோகிதம்.

நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.