தண்டும் வீளையும்



கங்கைகொண்ட சோழபுரத்துத் துவாரபாலகர்க்குப் பெருங்கதை துணை. அரியலூர் மாவட்டத்திற்கு வருவோர் அண்ணாந்து நோக்கி வியக்கும் சிற்பங்கள் அவை. காவல் என்றவுடன் பருத்த படைக்கலமே நினைவில் எழுவதற்கு இத்தகைய உருவங்களும் ஒரு காரணம் எனலாம்.

சங்கப் பாடல் காட்டும் காவலோ வேறு. அகநானூற்றின் 274ஆம் பாட்டில், மழை பொழியும் இரவில், தண்டினை ஊன்றித் தனியே நிற்கிறான் இடையன் ஒருவன். குட்டியைக் கவரப் பார்த்திருக்கும் குறுநரியை அவன் அடித்து வீழ்த்தவில்லை. நாவை மடித்து அவன் எழுப்பிய வீளையைக் கேட்டே அது வெருண்டு முட்புதரிடையே ஓடுகிறது. தண்டு அவன் நிலைத்து நிற்கத் துணை. பகையை விரட்டியது ஒலி. பொருநராற்றுப்படை இதனினும் ஒருபடி மேலே சென்று, யாழின் பாலைப்பண் கேட்டு ஆறலைகள்வர் படைக்கலம் நழுவ நின்றதைச் சொல்லும். கவிஞர் நிறைந்த அவைக்கு இனிக்கும் செய்திதான். எனினும் வழிச்செல்வார் எல்லார் கையிலும் யாழ் இராதே!

பெரம்பலூர்ப் பகுதியில் மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் பருவத்தில், அந்திப் பேருந்தில் இறங்கி ஊருக்கு நடக்கும் பெண்ணுக்கு எது துணை? சிலம்பக் கோல் ஏறத்தாழ நெற்றியளவு உயரம். நாள்தோறும் சுமக்க இயலாது. சேரநாட்டுக் களரியில் மூன்று சாண் அளவுள்ள ‘முச்சாண்’ உண்டு. ஜப்பானியரின் ‘யவாரா’ இன்னும் சிறிது, கைப்பிடிக்குள் அடங்குவது. அதன் வழிவந்ததே தக்கயுகி குபோட்டா 1970களில் பரப்பிய ‘குபோட்டான்’. ஏறத்தாழ ஐந்தரை அங்குல நீளம், விரல் பருமன், நுனியில் திறவுகோல் வளையம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பெண் காவலர்க்கு அவர் இதனைப் பயிற்றுவித்தார்.

இச்சிறுகோலின் வினை வெல்லுதல் அன்று, விடுபடுதல். பற்றிய கையின் புறத்திலோ மணிக்கட்டு எலும்பிலோ ஓர் இடி. பிடி தளர்ந்த அந்நொடியில் உரக்கக் கூவி ஓடுதல். மேலும் நின்று அடிப்பது, கோலையே எதிரியிடம் பறிகொடுப்பதில் முடியக்கூடும்.

சட்டமும் இவ்வளவையே நாடுகிறது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதினும் மிகுந்த தீங்கு செய்வதை ஒப்புவதில்லை. ஆயின் 38ஆம் பிரிவு, வன்புணரும் நோக்கத்தோடு தாக்குவோனையும் அமிலம் வீசுவோனையும், வேறு வழியின்றேல், அவன் உயிர் போகும் அளவிற்கும் எதிர்க்கலாம் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இவ்வுரிமை இருந்தது; அமில வீச்சு மட்டும் 2013இல் சேர்ந்தது. திருப்பி அடித்தால் தன்மீதே வழக்கு வருமோ என அஞ்சிக் கைகட்டி நிற்கும் பெண்களுக்கு இதனை எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

கோலைக் கைப்பையின் அடியில் இட்டு வைப்பதால் பயனில்லை; பேருந்தை விட்டு இறங்கும்போதே அது கையில் இருத்தல் வேண்டும். அடியைப் பழகுமுன் பழக வேண்டியது குரல். ‘சத்தம் போடாதே’ என்று கேட்டே வளர்ந்த மிடற்றுக்கு அவ்வீளை எளிதில் வாராது. பயிற்சியில் பாதி நேரம் அதற்கே செல்லும்.